மடிப்புக்காரியின் கையெழுத்து

"அவ வரக்கூடாது! அவ வந்தா நான் வரமாட்டேன்... அவ்வளவுதான்!"

காலை ஏழு மணிக்கே அந்த வீட்டில் குரல் கூரையைத் தொட்டுவிட்டது. பத்து மணிக்கு ராணுவத்திலிருந்து கார் வரப்போகிறது. போரில் பாராசூட் கட்டிக் குதித்து உயிரை விட்ட அந்த வீட்டு மூத்த பிள்ளைக்கு, நாலு வருஷம் கழித்து, நாட்டிலேயே பெரிய வீரப் பதக்கம்! தெரு முழுக்க இருக்கிறதில் நல்லதாக உடுத்திக்கொண்டு வாசல்களில் வந்து நிற்கிறது. பெரியவனைப் பெற்றவளோ, கலைந்த தலையோடு கூடத்து நாற்காலியில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா, மெதுவா பேசு. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு" என்றாள் மகள். சொன்னது யார் என்று பாருங்கள்! அந்த வீட்டுச் சேதியைத் தெருக்கோடி வரை கொண்டுசேர்ப்பவளே அவள்தான். அவளுக்குத் தெருவில் 'வானொலி' என்றே பெயர். "கடுதாசியில தெளிவா போட்டிருக்காங்கம்மா... 'பதக்கத்தை வீரரின் மனைவி பெற்றுக்கொள்வார்'னு."

"அச்சடிச்சவனுக்கு என்னடி தெரியும்? என் பிள்ளை செத்ததே அவ கையாலன்னு அவனுக்குத் தெரியுமா? கொல்றதையும் கொன்னுட்டு, மேடையேறி மெடல் வேற வாங்குவாளா அந்த மடிப்புக்காரி!"

பின்னறையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்த மருமகளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதானே சொல்லப்பட்டது! அவள் கொழுந்தனுடைய சீருடைச் சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டு, இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்தாள். நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு என்னவோ அந்தச் சொல் சுருக்கென்று உள்ளே இறங்கியது.

மடிப்புக்காரி!

அந்தப் பெயர் ஒரு காலத்தில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ராணுவத்தின் பாராசூட் மடிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. நாற்பதடி நீள மேஜை. அதன்மேல் பட்டுத் துணியை இழுத்து விரித்து, மடிப்பு மடிப்பாக அடுக்கி, நகராமலிருக்கச் சின்ன மணல் மூட்டைகளை வைத்து, கயிறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் சுருட்டி வைக்க வேண்டும். கடைசியில் பையின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஜேபியில் ஓர் அட்டை. அதில் பாராசூட்டின் எண், தேதி, மடித்தவள் கையெழுத்து. குதித்தவன் தரையிறங்கியதும் அந்த அட்டையை மறக்காமல் எடுத்து வந்து திருப்பித் தர வேண்டும். 'நீ தூங்கினால் அவன் விழுவான்' என்று கூடத்துச் சுவரில் முழ உயரத்துக்கு எழுதியே வைத்திருந்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரி மடிக்கக்கூடாது. பாசம் வந்தால் கை நடுங்கும் என்பார்கள். அந்த விதியைத்தான் அவள் மீறினாள். போர் மூண்டு, புருஷனும் கொழுந்தனும் ஒரே விமானத்தில் கிளம்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பக்கத்து மேஜைக்காரியின் கையைக் காலைப் பிடித்துப் புருஷனுக்குரிய எண்ணைத் தன் மேஜைக்கு மாற்றிக்கொண்டாள். அவன் முதுகில் ஏறப்போவதை வேறொருத்தி மடிப்பதா? மனசு கேட்கவில்லை!

மடித்ததோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? வழியனுப்பும்போது கண்ணைக் கசக்கிய மாமியாரிடம், "அத்தை, கவலையே படாதீங்க! அவர் முதுகுல இருக்கிறது என் கையால மடிச்சது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியும்விட்டாள்.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. பெரியவன் குதித்தபோது பாராசூட் சரியாக விரியவில்லையாம். விழுந்த இடம் எதிரியின் பகுதி. உடல்கூட வீட்டுக்கு வரவில்லை. முன்னாலேயே குதித்த சின்னவன் மட்டும் நம் பக்கத்தில் கால் முறிந்து கிடக்க, தூக்கிவந்து சேர்த்தார்கள். கிழவிக்கு வேறு என்ன கணக்கு வேண்டும்? மடித்தவள் இவள், விரியவில்லை, அதனால் கொன்றவளும் இவள்! மருமகளும் தான் விதியை மீறியதைக் கூடத்துத் தலைவியிடம் தானே போய்ச் சொன்னாள். மேஜையிலிருந்து எடுத்துக் கிழிசல் தைக்கும் மிஷினில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து அவள் ஒரு பாராசூட்டையும் மடிக்கவில்லை. மாமியார் கரித்துக் கொட்டினாள். இவள் ஒரு நாளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே கிழவி குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

ஆனால் இன்றைக்கு அவளைப் பயமுறுத்தியது அத்தையின் வசவு அல்ல. கடிதத்தின் கடைசி வரிதான்!

'எதிரியிடம் கைதியாக இருந்து சமீபத்தில் விடுதலையான அந்த விமானத்தின் சார்ஜெண்ட், தாம் நேரில் கண்டதை விழாவில் எடுத்துரைப்பார்.'

அவரை அவளுக்குத் தெரியும். விமானத்தின் கதவோரம் நின்று ஒவ்வொருவராகத் தோளில் தட்டிக் குதிக்கவைப்பவர். 'வாசல்காரர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் எல்லாவற்றையும் பார்த்திருப்பாரே... எல்லாவற்றையும்!

தேய்த்த சட்டையை எடுத்துக்கொண்டு மாடியறைக்குப் போனாள். கதவு தாழிடப்படவில்லை. தள்ளியதும் திக்கென்றது. கொழுந்தன் ஒரு பையில் துணிமணிகளைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்க தம்பி கிளம்பறே?"

அவன் திரும்பவில்லை. நாலு வருஷமாகவே அவன் அண்ணி முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. 'பார்த்தியா, என் சின்னவன்கூட உன் முகத்துல விழிக்கிறதில்லை' என்று கிழவி அதையும் குத்திக்காட்டுவாள்.

"நான் வரலை அண்ணி. எனக்கு... எனக்குக் கால் வலிக்குது. கொஞ்ச நாள் எங்கயாவது போய் இருந்துட்டு வரேன்."

"கால் வலிக்கிறவன்தான் ஊரை விட்டு ஓடுவானாக்கும்?"

அவன் பையின் வாரை இழுத்துக் கட்டினான். அவள் சட்டையைக் கட்டிலில் போட்டாள். இடுப்பில் செருகியிருந்த தன் சின்னப் பையிலிருந்து, துணியில் சுற்றிவைத்திருந்த ஓர் அட்டையை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள். ஓரம் பழுத்து, ஒரு மூலையில் சேற்றுக் கறை. நடுவில் எண். அதன்கீழே அவளுடைய கையெழுத்து.

அவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி... இது... இதை நான் தேடாத இடமில்லையே! உங்களுக்கு எப்போலேருந்து...?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த உன் சட்டையை அலசினேனே, அன்னிலேருந்து. ஜேபியில இருந்துச்சு. காலை ஒடிச்சுக்கிட்டுக் கிடந்தப்பவும் பழக்க தோஷத்துல அட்டையை எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கே பாரு!" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவர் எண்ணு எனக்குத் தெரியாதா தம்பி? என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவருக்காக நான் மடிச்சது உன்னைத்தான் இறக்கியிருக்கு. அப்படின்னா அவர் எதைக் கட்டிக்கிட்டுக் குதிச்சார்னு யோசிக்க ரொம்ப நேரமா ஆகும்?"

"நாலு வருஷமா தெரியுமா...?! தெரிஞ்சும் அம்மா பேசறதை எல்லாம் கேட்டுக்கிட்டு..."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். நாலு வருஷமாக அடைத்துவைத்தது உடைந்துகொண்டு வந்தது. "குண்டுச் சிதறல் பாஞ்சு என் பை கிழிஞ்சு தொங்குச்சு அண்ணி... அண்ணன் சட்டுனு தன்னோடதைக் கழட்டி என் முதுகுல மாட்டிட்டான். நான் வேண்டாம்னு சொல்லலை! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பயம் அண்ணி... மரமாட்டம் நின்னேன். கதவுக்கு இழுத்துட்டுப் போய்த் தள்ளிவிட்டான்!"

அவளுக்கு அழ நேரமில்லை. கீழே மணி எட்டரை அடித்தது.

"கண்ணைத் துடை. இந்தச் சட்டையைப் போடு. நீ வரலைன்னா அத்தை ஆயிரம் கேள்வி கேட்பாங்க. வந்து உட்காரு, வாசல்காரர் எது சொன்னாலும் வாயைத் திறக்காதே. இத்தனை நாள் நான் தாங்கினது வீணாப் போயிடக்கூடாது. உங்கம்மாவுக்கு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்தான்டா!"

கார் வந்தது. சேதி கேட்டு வானொலி தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தாள். கிழவி வெளுத்த உடுப்பில், பிடித்த பிடியை விடாமல், முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்து, "எடுப்பா வண்டியை!" என்றாள்.

டிரைவர் அசையவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தான். "முதல் பேரே வீரரோட மனைவிதாம்மா. அவங்க ஏறாம நான் கியர் போடமாட்டேன்."

"நான் பெத்தவ சொல்றேன்!"

"நீங்க ரெண்டாவதும்மா."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கிழவி பல்லைக் கடித்தாள். "சரி, ஏறித் தொலையட்டும். முன்சீட்டுல, என் கண்ணுல படாம உட்காரட்டும். ஆனா ஒண்ணு... மேடைக்கு நான்தான் ஏறுவேன்!"

"நீங்களே வாங்கிக்கங்க அத்தை" என்று சொல்லிவிட்டு மருமகள் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். எத்தனை எளிதாக விட்டுக்கொடுத்துவிட்டாள் பாருங்கள்! காருக்குள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வானொலிகூட!

விழா மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. முதல் வரிசையில் அவர்களுக்குப் பெயர் ஒட்டிய நாற்காலிகள். பேண்டு முழங்கி ஓய்ந்ததும், ஊன்றுகோலோடு ஒரு மெலிந்த மனிதர் மைக் முன்னால் வந்தார். கன்னம் ஒட்டி, தலை முழுக்க நரைத்து... வாசல்காரர்தானா இவர்? கடகடவென்று சிரிப்பாரே! கொழுந்தனின் முழங்கால் வெடவெடவென்று ஆடுவதைப் பார்த்து, மருமகள் தன் கையை அதன்மேல் அழுத்தி வைத்தாள்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது" என்று தொடங்கினார் அவர். "பார்த்ததைச் சொல்றேன். குதிக்கிற இடம் வர இன்னும் ரெண்டு நிமிஷம். விமானத்துல குண்டு பட்டுடுச்சு. ஒரு பக்கம் தீ. சிதறல் பாஞ்சு ஒரு பையனோட பாராசூட் பை கிழிஞ்சுபோச்சு. இவர் என்ன பண்ணினார் தெரியுமா? தன் முதுகுல இருந்த நல்ல பாராசூட்டை அவுத்து அந்தப் பையனுக்குக் கட்டி, வெளியே தள்ளிட்டார். கிழிஞ்சதைத் தான் மாட்டிக்கிட்டார். சரி, உடனே குதிச்சாரா? இல்லை! புகையில கண்ணு தெரியாம தடுமாறின பதினோரு பேரைக் கையைப் பிடிச்சுக் கதவுக்குக் கொண்டுவந்து விட்டார். பன்னிரண்டாவது ஆள் நான். வாசல்காரன் கடைசியாத்தான் குதிக்கணும்னு கத்தினேன்... 'இன்னிக்கு நான்தான் சார் வாசல்காரன்'னு சொல்லி என்னையும் தள்ளிட்டார்!"

அவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"நான் அந்தரத்துல தொங்கும்போது அவர் குதிச்சதைப் பார்த்தேன். அது பாதிதான் விரிஞ்சது..."

"நல்லதை அவுத்துக் கொடுத்தானா...?"

முதல் வரிசையில் கிழவி எழுந்து நின்றிருந்தாள். மைக்கே வேண்டாம், அந்தக் குரல் மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. "யாருக்குக் கொடுத்தான்? அந்தப் பையன் உயிரோட இருக்கானா? எங்கே இருக்கான்? எம்பிள்ளை உயிரை வாங்கிக் கட்டிக்கிட்டவன், நாலு வருஷமா ஒரு எட்டு வந்து என்னைப் பார்க்கலையே! அவன் முகத்தை எனக்குக் காட்டுங்க!"

வாசல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கோங்கம்மா. பேர் சொல்லமாட்டேன். தள்ளிவிடறதுக்கு முன்னாடி உங்க பிள்ளை என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டார். 'யாருக்குக் கொடுத்தேன்னு எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்'னு..."

மருமகளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடப் பாவி மனுஷா... நீயும் அதையேதான் நினைச்சியா? நாலு வருஷமாகத் தனியாகச் சுமந்தது பாதியாகக் குறைந்தது போல் இருந்தது. மாமியார் திட்டியபோதெல்லாம் வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று கொட்டியது. அந்த ஒரு கணத்தில் கொழுந்தனின் முழங்காலிலிருந்து அவள் கை நழுவிவிட்டது.

அவன் எழுந்துவிட்டான்.

"தம்பி, உட்காரு! சொன்னேன்ல, உட்காரு!"

"போதும் அண்ணி." நொண்டிக்கொண்டே தாயின் முன்னால் போய் நின்றான். "நான்தாம்மா அது. அண்ணன் உயிரைக் கட்டிக்கிட்டு இறங்கினவன் நான்தான். தினம் உன் கையால சாப்பிட்டுக்கிட்டு, உன் கண்ணு முன்னாடிதாம்மா இருக்கேன்!"

கிழவி அவனை வெறித்துப் பார்த்தாள். உதடு கோணியது. கை மேலே உயர்ந்தது. அறையவா, அணைக்கவா? அவளுக்கே தெரியவில்லை!

மருமகள் பாய்ந்து குறுக்கே விழுந்தாள்.

"அத்தை! அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்க! உங்க கால்ல விழறேன்... திட்டணும்னா என்னைத் திட்டுங்க அத்தை, எனக்குப் பழகிப்போச்சு! அவன் தாங்கமாட்டான்!"

உயர்ந்த கை அப்படியே நின்றது.

"உனக்கு... உனக்கு இது தெரியுமா?"

"அண்ணிக்கு நாலு வருஷமா தெரியும்மா!" என்று கதறினான் சின்னவன். அண்ணியின் பையிலிருந்து அட்டையைப் பிடுங்கித் தாயின் கையில் வைத்தான். "நான் கட்டிக்கிட்டு இறங்கினதோட அட்டை. கீழே இருக்கிறது அண்ணி கையெழுத்து. அண்ணி மடிச்சது தப்பவே இல்லைம்மா! என்னைப் பத்திரமா தரையில கொண்டுவந்து விட்டுச்சு. கால் ஒடிஞ்சது பாறையில விழுந்ததால. இவங்க கையாலதாம்மா நான் இன்னிக்கு உயிரோட நிக்கறேன்... இவங்களைப் போயி நீ..."

கிழவிக்கு எழுத்துத் தெரியாது. அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனாள். மங்கிய மைக் கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்தாள்.

"இதுவா உன் கையெழுத்து?"

"ஆமா அத்தை."

"ஏண்டி... ஏண்டி சொல்லலை? எத்தனை பேச்சு பேசினேன்! கொலைகாரின்னேன்... நீ உட்கார்ந்து எழுந்த நாற்காலியைக்கூடத் துடைச்சுவிட்டேனேடி! இந்த அட்டையை எடுத்து என் மூஞ்சியில விட்டெறிஞ்சிருக்கக்கூடாதா?"

"எறிஞ்சிருந்தா அப்புறம் யார் முகத்தை அத்தை பார்த்திருப்பீங்க?" மருமகள் கொழுந்தனைக் காட்டினாள். "தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்து, 'உன்னாலதானே'ன்னு ஒரு நாள் ஒரு வார்த்தை வந்திருந்தா... இவன் தூக்குல தொங்கியிருப்பான். நீங்க ரெண்டு பிள்ளையையும் இழந்திருப்பீங்க. உங்களுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும். அது நானாவே இருந்துட்டுப் போறேன்னு..."

"அடி என் தாயே!"

கிழவி மருமகளின் இரண்டு கைகளையும் வாரி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊசி குத்திக் காய்த்துப்போன கைகள். அப்புறம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், ஓவென்று அழுதாள். ஒரு கையை நீட்டிச் சின்னவனையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். "வேண்டாம்னு சொல்லலையேன்னு அழறியா? நீ சொல்லியிருந்தாலும் உங்கண்ணன் கேட்டிருப்பானாடா! சின்ன வயசுல பாதி ரொட்டியை உன் வாயில திணிச்சுட்டுத் தனக்குப் பசியே இல்லைம்பானே, அவன்டா அது!" பின்னால் வானொலி செய்தி சொல்ல வாய்வராமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மேடையில் தளபதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மைக்கில் அழைப்பு வந்தது. "வீரரின் மனைவி..."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். "போங்க அத்தை. உங்களைத்தான்..."

"எங்கடி ஒதுங்கறே?" கிழவி அவள் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "ஏறு மேடையில! எம்பிள்ளை பெண்டாட்டி நீ. நீ வாங்காம யார் வாங்குவா?"

அவள் படியேறினாள். கால் பின்னியது, கண் மறைத்தது. தளபதி தொப்பியை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துப் பதக்கத்தை அவள் கையில் வைத்தார். கைத்தட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அந்த இரைச்சலையும் மீறிக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது:

"மடிப்புக்காரி! என் மருமக... மடிப்புக்காரி! அவ மடிச்சதுலதான்யா என் சின்னவன் இறங்கினான்! பார்த்துக்கங்க எல்லாரும்!"

கூட்டம் மறுபடி கைதட்டியது. இந்தத் தடவை கைதட்டியவர்களில் பாதிப் பேர் பாராசூட் மடிக்கும் கூடத்துப் பெண்கள். பின்வரிசையில் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினார்கள். கூடத்துத் தலைவி வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, "திங்கட்கிழமை உன் மேஜைக்கு வந்து சேரு!" என்று கத்தினாள்.

இறங்கி வந்த மருமகள் பதக்கத்தை மாமியாரின் மடியில் வைத்தாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை."

கிழவி அதை எடுத்தாள். பெரியவனின் கன்னத்தைத் தடவுவதுபோல ஒரு தடவை தடவினாள். பிறகு மருமகளின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"இது உன்னோடது. நீ வெச்சுக்கோ." மற்றக் கையில் அந்தச் சேறு படிந்த அட்டை இன்னும் அப்படியே இருந்தது. "எனக்கு இதைக் கொடுத்துடுறியா?"

மருமகள் சரியென்று தலையை ஆட்டினாள். கிழவி அட்டையை மடங்காமல், கசங்காமல், நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். திரும்பிப் போகும்போது முன்சீட்டில் வானொலிதான் உட்கார்ந்தாள்.